அவன் சாப்பிடுவதற்காகத் துடைத்த வீடு

ஹென்டனில் ஒரு யூதக் கிழவியின் வீட்டுப் பின்னறையில் கொஞ்சக் காலம் வாடகைக்கு இருந்தேன். அவருடைய ஒரே மகன் நாலு தெரு தள்ளித்தான் இருந்தான். மதத்தில் இறுகிப்போனவன். தாயின் சமையலறை தங்கள் முறைப்படி சுத்தமில்லை என்று அங்கே தேத்தண்ணீரும் குடிக்கமாட்டான். அந்த வருடம் யூதர்களின் பாஸ்காப் பெருநாளின் முதல் இரவு விருந்துக்குப் பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னான். தான் சமைத்ததை அவன் ஒருமுறை சாப்பிட வேண்டும். கிழவிக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

பாஸ்கா நாட்களில் புளித்த மாப்பண்டம் ஒரு துணுக்கும் வீட்டில் இருக்கக்கூடாது. அவரால் குனிய முடியாது. நான் குனிந்தேன். அடுப்பை இழுத்துப் பின்பக்கப் பிசுக்கைச் சுரண்டினேன். சோபா இடுக்கில் கிடந்த பிஸ்கட் தூளைப் பழைய பற்தூரிகையால் கிளறி எடுத்தேன். சட்டிகளைக் கொதிநீரில் அமிழ்த்தினோம். சமையலறை மேடை, அலுமாரித் தட்டுகள் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினோம். அவருடைய வழியில் அரிசி பருப்புக்கூட அந்நாட்களில் ஆகாதாம். என் சமையல் சாமான்களை மூட்டை கட்டி, பஸ்ஸில் வெம்பிளிக்கு ஒரு கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"என்னண்ணை, கிழவி கலைச்சுப்போட்டாவோ?" என்று சிரித்தான்.

"ஒரு கிழமைக்கு வைச்சிரு. மனுசிக்குப் பெருநாள்."

"கோதுமை மா சரி. உளுந்து என்னண்ணை பாவம் செய்தது?"

"அதை அவையின்ரை கடவுளிட்டைக் கேள்."

விருந்தன்று கோழி சூப் கொதித்தது. சடங்குத் தட்டில் வைக்கிற, துருவினால் கண்ணெரிக்கும் காரக் கிழங்கைக் கிழவி என்னிடம் நீட்டினார். "நீயே துருவு. மகன் வரும்போது நான் அழுத முகத்தோடு நிற்கக்கூடாது."

பொழுதுபட முன்னரே வந்தார்கள். மகன் தாயை அணைத்து முத்தமிட்டான். மருமகளின் கையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் மூடி ஒட்டிய சாப்பாடு. மற்றதில் பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் குவளையும்.

"இதெல்லாம் எதற்கு? நான் சமைத்திருக்கிறேனே!"

"கோபிக்காதீர்கள் அம்மா. உங்களை நம்பாமல் இல்லை. ஆனால் அந்த அடுப்பில் அவரும் சமைக்கிறார்," என்று மகன் என்னைக் காட்டினான்.

"அவன்தான் இந்த வீட்டையே துடைத்தவன்!"

"அதற்கு நன்றி," என்று என் பக்கம் திரும்பித் தலையசைத்தான். மனதாரத்தான் சொன்னான்.

எனக்கு இது புதிதில்லை. ஊரில் அலுவலாக எங்கள் வீட்டுக்கு வரும் பெரிய சாதிக்காரர் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள். கடையில் சோடா வாங்கிவந்து அவர்கள் கண்முன்னால் உடைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

மறுநாள் கிழவி மிஞ்சிய சூப்பை எனக்கு ஊற்றித் தந்தார். மிஞ்சியது என்ன, முழுச் சட்டியும் அப்படியே இருந்தது. நான் குடிக்கத் தொடங்கிய பிறகு சொன்னார்: "அடுத்த வருடம் பின்னறையில் ஆள் இல்லாவிட்டால் சாப்பிடுவானாம்."

சரி என்றேன். சூப்பில் உப்பு அளவாக இருந்தது.

குட்மேய்ஸில் ஒரு அறை கிடைத்தது. அடுத்த பாஸ்கா வந்து போனது. மகன் சாப்பிட்டானா என்று நான் போன் எடுத்துக் கேட்கவில்லை. சாப்பிட்டிருந்தால் அந்த வீட்டின் அழுக்கு நான்தான் என்றாகிவிடும். சாப்பிடாவிட்டால் கிழவி பாவம்.