வெளியே நிற்கிறவர்

லண்டன் நோர்பரியில் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு நான் போதகர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒரு குடும்பம் போதகரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் வழக்கம். மனைவி இறந்தபின், வாரத்தில் ஆட்களோடு இருந்து நான் சாப்பிட்டது அந்த ஒரு நேரம்தான்.

பேப்பரில் என் படம் வந்த பிறகு அதுவும் நின்றது. அகதிகளின் உரிமைக்காகக் கூட்டம், ஊர்வலம் என்று போகிறவன் நான். அன்று, அகதிகளை நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்ப ஏற்றிப்போன வான் வண்டிக்கு முன்னால், கழுத்தில் போதகரின் வெள்ளைப் பட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பொலிஸ்காரர் தூக்கினார்கள். என் எடைக்கு இரண்டு பேர் போதாது என்பது படத்தில் நன்றாகத் தெரிந்தது. சபையார் சிரிக்கவில்லை. அவர்களும் ஒரு காலத்தில் அகதிகளாக வந்தவர்கள்தான். இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது, வீடு இருக்கிறது, வம்பு எதற்கு என்று நினைத்தார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. கைகுலுக்கிவிட்டு, பார்க்கிங் நேரம் முடிகிறது என்று நழுவினார்கள்.

மிஞ்சியவன் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் ஒரு அறையில் இருந்தான். மனைவியும் மகளும் ஊரில். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை அவன் தவறாமல் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். அப்படிப் போனவர்களை உள்ளேயே மறித்து வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. அதனால் நானும் கூடப் போவேன். திரும்பி வராவிட்டால் சாமான்களை எடுக்க, அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்துவிட்டு அவன் உள்ளே போவான். நேரம் கடந்தால் அவன் வழக்கைப் பார்த்த சொலிசிட்டருக்கு போன் எடுப்பது என் வேலை. மழையில் அந்தக் கதவையே பார்த்தபடி ஜெபித்திருக்கிறேன். பல தடவை ஜெபம் பாதியில் அறுந்து வசையாக முடிந்திருக்கிறது. அவன் வெளியே வந்ததும் இருவரும் ஒரு கடையில் தேத்தண்ணி குடிப்போம். மகளுக்குப் பல் விழுந்த கதை சொல்வான். உண்மையைச் சொன்னால், அடுத்த கையெழுத்து நாள் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

போன ஆண்டு அவனுக்கு விசா கிடைத்தது. நான்தான் அழுதேன். பிறகு மனைவிக்கும் மகளுக்கும் கிடைத்தது. அவர்களை வரவேற்க விமான நிலையத்துக்கு வருகிறேன் என்று நானே சொல்லி, பிள்ளைக்கு ஒரு குளிர்க் கோட்டும் வாங்கி வைத்திருந்தேன். அவர்கள் வருவதற்கு முதல்நாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

“ஐயா, குறை நினையாதேங்கோ. நாளைக்கு நீங்கள் வரவேண்டாம். உங்களைப் பேப்பரிலை எல்லாரும் கண்டிருக்கினம். என்னோட நிக்கிறதைப் பாத்தால் பிறகு விசாவிலை ஏதும் பிரச்சினை வருமோ எண்டு பயமாக் கிடக்கு.”

“ஓம் தம்பி, நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும்” என்றேன். கோட்டை அவன் கையில் கொடுத்தேன்.

கதவைச் சாத்தியபின் கோபம் வந்தது. அவன்மேல் அல்ல என்று எழுதத்தான் ஒரு போதகனுக்கு ஆசை. அவன்மேல்தான். இந்த ஊரில் அவன் யாருக்கும் பயப்படாமல் நடக்கவேண்டும் என்றுதான் அத்தனை நாளும் மழையில் நின்றேன். இப்போது அவனுக்கு மிச்சமிருந்த பயம் நான்தான்.