ஊதிவிடும் வரை அசையக் கூடாது

ஜொகூர் மாநிலத்து மாசாயில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நான்காவது மாடி நடைபாதையில், மாலை ஏழரை மணிக்கு ஓர் ஆள் செருப்பு அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு கைகளை வீசுவான், கன்னத்தை உப்புவான், புருவத்தைத் தடவுவான், ஒற்றைக் காலில் குதிப்பான். வாயிலிருந்து சத்தமே வராது. அந்த ஆள் நான்தான். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணியை எல்லோரும் காக் நோர் என்பார்கள். காக் என்றால் அக்கா. நான் வந்த புதிதில் அவர் குப்பைப் பையும் கையுமாக நின்று என்னை வேடிக்கை பார்த்துவிட்டு, "செனாமான்?" என்று கேட்டார். உடற்பயிற்சியா என்று கேட்கிறார் என்பது புரிந்தது. அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்த போனை அவர் கவனிக்கவில்லை. விளக்கிச் சொல்ல என்னிடம் இருந்த மலாய் போதாது. போதுமாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மாடியில் நான் உடம்பைப் பேணுகிற ஆள்.

என் மகள் கயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆறு வயதாகிறது. அவளை அங்கே நகரத்தில் ஒரு நல்ல பள்ளியில் சேர்க்கப் பணம் சம்பாதிக்கத்தான் அறந்தாங்கிப் பக்கத்து ஊரைவிட்டு, மாசாயை அடுத்த பாசீர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைமொழி இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் படித்ததல்ல, அவளும் நானும் என் மனைவி செல்வியும் சேர்ந்து உண்டாக்கியது. மூக்குத்தி இடத்தைக் கிள்ளினால் அம்மா. சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அந்த இடத்தை விரலால் கோடிழுத்தால் அப்பா. நான் ஊரில் இருந்தபோது அவளுக்குப் பிடித்த விளையாட்டு ஸ்டாச்சு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயால் சொல்லி விளையாடுவதை நாங்கள் கையால் விளையாடுவோம். ஒருவர் உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் மற்றவர் அப்படியே நின்றுவிட வேண்டும். கை காட்டியவரே வந்து முகத்தில் ஊதிவிடும் வரை அசையக் கூடாது. வேறு யார் ஊதினாலும் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டது அவள்தான், அதில் அவள் ரொம்பக் கறார்.

அன்லிமிட்டட் என்ற சொல்லை நான் ஊர் ஓட்டல்களில்தான் கற்றேன். வாசல் பலகையில் 'அன்லிமிட்டட் மீல்ஸ்' என்று எழுதியிருந்தால், நாம் இலையை மடிக்கும் வரை சோறு வரும். மூன்றாவது தடவை கேட்டால் பரிமாறுகிறவர் முகத்தைச் சுளிக்கலாம், ஆனால் போடாமல் போக மாட்டார். மாசாய்க் கடைவீதியில் போன் கடை கண்ணாடியில் அதே சொல்லை ஆள் உயரத்துக்கு எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "வீடியோ கால் நிறைய பேசுவேன்மா, தாங்குமா?" என்று கேட்டேன். "அன்லிமிட்டட் லா அண்ணே. நீங்க எவ்ளோ வேணா யூஸ் பண்ணுங்க. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், இங்க ஒரு சைன் போடுங்க" என்றாள். தாளின் பின்பக்கத்தை அவளும் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை.

முதல் இரண்டு வாரம் அழைப்புக்குக் கணக்கே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பைப் போட்டால் இரவு வரை துண்டிப்பதே இல்லை. அங்கே செல்வி போனை அரிசி டின்மேல் சாய்த்து வைப்பாள். இங்கே நான் அடுப்பு மேடையில் வைப்பேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை. நான் வெங்காயம் நறுக்குவேன், அவள் துணி மடிப்பாள், கயல் நடுவில் வந்து புருவத்தைத் தொட்டுவிட்டு ஓடுவாள். அவள் கை காட்டினால் நான் கத்தியும் கையுமாக நிற்பேன், அவள் திரையில் ஊதினால் அசைவேன். அறையில் என்னோடு இருக்கும் முருகேசன், "என்னண்ணே, ஊர்லேர்ந்து இங்க கதவு வச்சுட்டீங்களா?" என்று கிண்டல் செய்வான். கதவுதான் வைத்திருந்தேன். அதைத் திறந்து போட்டால் என்ன தீரும் என்று யோசிக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை. நடைபாதையில் நின்று கயலுக்கு யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். முருகேசன் உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிட்டான். பொறு என்று அவனுக்குக் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் படம் நின்றுபோயிருந்தது. கயல் ஒரு கை பாதி தூக்கியபடி அப்படியே நின்றாள். போனை உதறினேன், மாடிப்படி வரை நடந்தேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் அதே படம், அதே பாதி தூக்கிய கை. நெட் செத்துவிட்டது என்று துண்டித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். மீன் குழம்பு. நன்றாக இருந்தது என்று முருகேசனிடம் சொல்லவும் செய்தேன்.

அரை மணி நேரம் கழித்துச் செல்வியின் குரல் பதிவு வந்தது. "ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சொசைட்டில பால் ஊத்திட்டு வந்து பாக்குறேன், இவ அரிசி டின்னு முன்னாடி கட்டை மாதிரி நிக்கிறா. நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருக்கா, பாவாடையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. கண்ணுல தண்ணி ஊத்துது, அசைய மாட்டேங்குறா. நான் ஊதுனா ஏத்துக்க மாட்டேங்குறா. நீங்க கை காட்டிட்டு ஊதாம போயிட்டீங்களா?"

முருகேசனுக்குக் காட்டிய கை அவள் திரையில் உறைந்து நின்றிருக்கிறது. அதை அவள் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். படம் ஒரு கட்டத்தில் திரும்பி வந்திருக்கவும் கூடும். அவள் அசையாமல் நின்றதால் அது இன்னும் உறைந்த படம் என்றே நினைத்துவிட்டேன். என் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே துண்டித்தேனோ என்னவோ, எனக்குத் தெரியாது. உடனே வீடியோவில் அழைத்தேன், சேரவில்லை. நான் ஊதுவதைப் படம் பிடித்து அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, போய்ச் சேரவில்லை. கடைசியில் செல்வி அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாளாம்.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். "நெட்டு வருது தானே அண்ணே? மெசேஜ் போகுது தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். மெசேஜ் போகிறது, படம்தான் நிற்கிறது என்றேன். "கோட்டா முடிஞ்சிருச்சு லா. அதுக்கப்புறம் ஸ்பீட கொறைச்சிருவாங்க. ஆனா கட் பண்ண மாட்டாங்க, அதான் அன்லிமிட்டட்" என்று தாளைத் திருப்பி அடியில் ஒரு வரியைக் காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சோற்றை நிறுத்தவில்லை, இனிமேல் ஒவ்வொரு பருக்கையாகப் போடுவோம் என்கிறார்கள். "மாத்த முடியாதாம்மா?" "கான்ட்ராக்ட்ல இருக்கீங்களே அண்ணே. ஒண்ணாந்தேதி ஸ்பீடு திரும்ப வந்துரும். அது வரைக்கும் வீடியோ வேணாம், வாய்ஸ் கால் போட்டு பேசுங்க. அதுக்கு இந்த ஸ்பீடு போதும்."

ஜொகூருக்கு வந்து யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "எம் மகளுக்குக் காது கேக்காதும்மா."

"அலமாக்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தாளை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்க அன்னிக்கு சொல்லலியே அண்ணே." நான் சொல்லவில்லைதான். அவள் மேல் கோபப்பட முடியவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்ததைத்தான் அவளும் படித்துச் சொன்னாள். வெளியே வந்து அந்த ஆள் உயர எழுத்துக்கு முன்னால் நின்று அழுதேன். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றாம் தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது. கயல் என்ன செய்கிறாள் என்று தினமும் செல்வியிடம் கேட்பேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்பாள். ஒரு நாள் மட்டும், "அப்பா எங்கன்னு கேட்டா இப்பல்லாம் புருவத்தத் தொட மாட்டேங்குறா. உள்ளங்கையத்தான் நிமித்திக் காட்டுறா" என்றாள். சொல்லிவிட்டு, எனக்கு வலிக்குமே என்று வேறு பேச்சுக்குப் போனாள்.

ஒன்றாம் தேதி மாலை ஏழரை மணி. ஊரில் ஐந்து மணி, வெயில் சாய்ந்திருக்கும். அலமாரி மேல் போனைச் சாய்த்துவிட்டு அழைத்தேன். முதல் அழைப்பிலேயே சேர்ந்தது. பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதிகூடத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. கயல் பள்ளிச் சீருடையோடு அரிசி டின் முன்னால் வந்து நின்றாள். கன்னத்தை உப்பி, மூச்சு தீரும் வரை ஊதினேன். மறுபடியும் ஊதினேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். நிஜமாக அசைகிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, உள்ளங்கையை நிமிர்த்தி எனக்குக் காட்டினாள். காட்டிவிட்டுத் திரையை விட்டு நடந்து போய்விட்டாள்.

நான் நின்றேன். திரையில் வெறும் சுவரும் நாட்காட்டியும் இருந்தன. காக் நோர் குப்பைப் பையோடு வந்தார். "ஹரி இனி தக் செனாம்?" இன்றைக்குப் பயிற்சி இல்லையா என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டுமென்றால் வாயை அசைக்க வேண்டும். அவர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார். கை காட்டியவள்தான் வந்து ஊத வேண்டும். நான் மாசாயில், நான்காவது மாடியில், அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.