போகிற வீட்டுக்கு ஒரு டீ

மாடுகளிடம் மரியாதையாகத்தான் பேசுவார் நெடுஞ்செழியன் சார். "கொஞ்சம் தள்ளிக்கங்க... காலை எடுங்க... அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு." கன்றுக்குட்டிக்கு மட்டும் வாடா போடா. ஊசியைப் போட்டு, முழங்கைவரை சோப்பு நுரைக்கக் கழுவி, கையை உதறிக்கொண்டு நிமிரும்போது அந்த வீட்டிலிருந்து டம்ளர் வந்துவிடும். அதை வாங்கிக்கொண்டு தெரு நடுவுக்கு வருவார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நின்று ஒரு மிடறு குடிப்பார். நெஞ்சைத் தடவிக்கொண்டு காத்திருப்பார். பிறகு அடுத்த மிடறு. மிச்சம் வைக்கவே மாட்டார்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரையும் சேர்த்து ஏழெட்டு ஊர்களுக்கு அவர்தான் கால்நடை ஆய்வாளர். ஜனங்களுக்கு மாட்டு டாக்டர். கனத்த உடம்பு. நான்கு வருடங்களுக்கு முன் இதைவிடக் கனம். பிறகு ஒரே வருடத்தில் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தார். இப்போது மறுபடியும் முக்கால்வாசி ஏறிவிட்டது. "போனதெல்லாம் வழி கேட்டுக்கிட்டுத் திரும்பி வந்துடுச்சு தம்பி" என்பார்.

இளைத்தது தானாக இல்லை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையை வெட்டிச் சுருக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி செம்மொழிக்குத் தெரியும். அலுவலகத்தில் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டார். ஊரில், வயிறு சரியில்லை. அவ்வளவுதான்.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே சார்?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"சோறு விளையிற சீமை தம்பி இது. சோறு எறங்கக் கூடாதுன்னு வயித்த வெட்டிக்கிட்டவன்னா எவன் சிரிக்க மாட்டான்? மாடே சிரிக்கும்."

சீனி கூடாது, தண்ணீரைக்கூட நாள் முழுக்கச் சிறிது சிறிதாகத்தான் குடிக்க வேண்டும் என்று திருச்சி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். எங்கள் காலனிக்கும் அதோடுதான் வந்தார். டீ வேண்டாம் என்றார். தாகம் எடுத்தால் தன் பாட்டிலைத் திறந்தார்.

என் தாத்தா காலம்வரை பண்ணையில் கூலிக்கு நட்டவர்கள் நாங்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் வயல், இரண்டு மாடு, பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடும் நான். எல்லாம் மாறியிருந்தாலும், வந்தவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"குடியானத் தெருவுல என்னென்ன குடிக்கிறாரோ, யாரு கண்டா?" என்றாள் என் அம்மா அம்சம். "நம்ம தெருவுக்கு வந்தாதான் வயிறு சரியில்லையாம். தண்ணிகூட கையோட கொண்டாந்துடுறாரு. முன்னாடியெல்லாம் நல்ல மனுசனாத்தான் இருந்தாரு."

அம்மா சொன்னது தவறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. டம்ளரைத்தான் பார்ப்பேன்.

பேச்சு அவர் காதுக்குப் போனது. அடுத்த முறை பாட்டில் இல்லாமல் வந்தார். அன்று ஆரம்பித்ததுதான் தெரு நடுவில் நின்று குடிப்பது. சோறு இரண்டு பிடிக்கு மேல் இறங்காத வயிற்றில் டீ வழுக்கிக்கொண்டு இறங்கியது. கன்று போட்ட வீடுகளில் வெல்லம் போட்ட சீம்பாலும் இறங்கியது. எங்கள் வீட்டில் அம்மா அவருக்கு மட்டும் இரண்டு கரண்டி சீனி கூடப் போடுவாள். மரியாதை அது.

இளைத்தபோது நின்றுபோன சர்க்கரை நோய் மாத்திரை திரும்பவும் வந்தது. மாட்டுக்குப் பக்கத்தில் குத்தவைக்க முடியவில்லை. மறுபடியும் அறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். செம்மொழி அக்கா வர மறுத்துவிட்டார். "ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்ததே போதும்னுட்டா. நீ வர்றியா? படிச்ச புள்ள, பக்கத்துல இரு. ஊர்ல மூச்சு விட்டுடாத" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் சின்னக் கிண்ணத்துல சோறு. அதுக்கு மேல எறங்காது சார்."

அத்தனையும் உண்மை. இருந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "டீ குடிப்பாரு சார்" என்றேன்.

"எத்தனை?"

"போற வீட்டுக்கு ஒண்ணு" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

குடலை மாற்றி இணைக்கும் இன்னொரு அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆனால் அதன் வழியாகவும் சீனித் தண்ணீர் இறங்கும் என்றார் டாக்டர். "மூணு மாசம் இனிப்பா எதையும் குடிக்காம வாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

நெடுஞ்செழியன் சார் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இனிப்பு சாப்பிட்டா வேர்த்துக் கொட்டி மயக்கம் வருமாமே சார்?"

"சிலருக்கு வரும். எல்லாருக்கும் வராது. பயமா இருக்கா?"

"இல்ல சார். எனக்கு வரணும்."

பேருந்தில் திரும்பும்போது அவரே விளக்கினார். "ஒரு தடவை தெரு நடுவுல மயங்கி விழுந்துட்டேன்னு வை. அப்புறம் ஒருத்தரும் டீ குடுக்க மாட்டாங்க. குடிக்கலையேன்னும் கேக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இவர் எங்களை மதித்துக் குடிக்கிறாரா, எங்களுக்குப் பயந்து குடிக்கிறாரா? பயந்துதான் என்றால், யாரும் எங்களுக்குப் பயந்து நான் பார்த்ததில்லையே. அந்த எண்ணத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அது என்ன மாதிரி சந்தோஷம் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் எங்கள் மாடு கன்று போட முடியாமல் தவித்தது. வந்தார். குத்தவைக்க முடியாமல் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டே, "பொறுத்துக்கங்க, பொறுத்துக்கங்க" என்று மாட்டைக் கெஞ்சிக்கெஞ்சிக் கன்றை இழுத்தார். கிடேரிக் கன்று. எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அம்மா டம்ளரோடு வந்தாள். "குடிங்க சார், எப்படி மூச்சு வாங்குது பாருங்க."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

"ஆறிடும் சார்." அம்மாவின் குரல் மாறியது. "ஏன், திரும்பவும் எங்க வீட்ல குடிக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கன்றின் பக்கம் குனிந்துகொண்டேன்.

ஈரக் கையோடு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார் நெடுஞ்செழியன் சார். பனியனை நெஞ்சுவரை தூக்கினார். வயிற்றில் அங்கங்கே சின்னச் சின்னத் தழும்புகள்.

"இங்க பாருங்கம்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். "அய்யய்யோ, யாரு சார் குத்துனது?"

"நானேதாம்மா. பணம் கட்டிக் குத்திக்கிட்டேன்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டம்ளரை நீட்டிய கையை அவள் மடக்கவும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் பனியனைக் கீழே விடாமல், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.