மடி நிறைய சிப்ஸ்

குழித்துறையில் பேருந்துக்கு நேரமிருக்கிறது. ஆற்றோரப் பூங்காவுக்குள் நுழைகிறேன். வாசலில் நிற்கும் துப்புரவுப் பணியாளர் அக்கா என் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் கவரைப் பிடுங்குகிறார்.

“பிளாஸ்டிக் உள்ள கொண்டு போவப்பிடாது, அண்ணாச்சி.”

“அப்போ சிப்ஸ்?”

“அது பிளாஸ்டிக்கா? மடியில தட்டிட்டுப் போவும்.”

மடித்துக் கட்டிய வேட்டியில் சிப்ஸை ஏந்திக்கொண்டு நடக்கிறேன். பூங்காவைப் பார்வையிட நகராட்சித் தலைவி எதிரே வருகிறார். ஆண்கள் எல்லோரும் மரியாதையாக வேட்டியை இறக்கிவிடுகிறார்கள். நான் இறக்கினால் குப்பை போட்டதற்கு அபராதம், இறக்காவிட்டால் திமிர் பிடித்தவன். எல்லோரும் என் முழங்காலையே பார்க்கிறார்கள். கூச்சம் தாங்காமல் இறக்கிவிடுகிறேன். சிப்ஸ் புல்லெல்லாம் சிதற, காக்கைகள் பாய்ந்து வருகின்றன.

“பறவையளுக்குத் தீனி போடுதீரா? நல்ல மனசு!” என்கிறார் தலைவி.

கைகூப்புகிறேன். ஒன்றைக்கூட நான் தின்று பார்க்கவில்லை.