செண்பகத்துக்காக விட்ட பிழைகள்

எங்கள் செய்தித்தளத்தில் நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிழைகளில் பல, தற்செயலாக வந்தவை அல்ல. நான் வேண்டுமென்றே விட்டவை. தெரிந்தே, சிரித்துக்கொண்டே, அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே விட்டவை!

ஆம்... கோமதியாகிய நான்தான். பம்பாயின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ச் செய்திகளைத் தினமும் எழுதி, அடியில் 'ஆசிரியர்' என்று பெயரும் போட்டுக்கொள்கிறவள்.

திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் படித்துவிட்டுத் திட்டினால்தான் சரியான அளவில் திட்ட முடியும்.

எங்கள் விதிகள் உங்களுக்கு மனப்பாடம். காசு யார் கொடுத்தார்கள் என்பதை மறைக்கமாட்டோம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் முதலில் காட்டிப் பதில் கேட்போம். தவறு செய்தால் சத்தமில்லாமல் அழிக்கமாட்டோம். அதை அப்படியே விட்டுவைத்து, கீழே 'திருத்தம்' என்று போட்டு, சுட்டிக்காட்டியவரின் பெயரையும் எழுதுவோம். தொண்ணூறு அடி ரோட்டில், பை தைக்கும் பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் தாழ்வான அறையில் உட்கார்ந்து நானும் முருகேசன் அண்ணாச்சியும் இவற்றை எழுதினோம். கேமரா, கணக்கு, கணினி எல்லாம் அவர். எழுத்து மட்டும் நான். அன்று எங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் நாட்டுக்கே சட்டம் எழுதிய மாதிரி இருக்கும்.

முதல் திருத்தம் உண்மையான தவறுக்கு வந்தது. சீத்தா கேம்ப்பில் ஒரு கல்லிச் சந்தில் சாயங்காலம் தண்ணீர் வருவதாக எழுதியிருந்தேன். குரல் செய்தி ஒன்று வந்தது.

"யக்கா, எங்க கல்லில காலைலதான் தண்ணி வரும். சாயங்காலம் வாறது பின் கல்லிக்கு. நீங்க கல்லி மாறிப் போயிட்டிய. எம் பேரு செண்பகம்."

திருத்தினோம், பெயரும் போட்டோம். மறுநாள் அந்தக் கல்லியே சேர்ந்து கேசரி கிண்டியது! என்னையும் கூப்பிட்டார்கள். போனேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செண்பகம் வீட்டிலிருந்தபடி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைக்கிறவர். பம்பாயிலேயே பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனாலேயே ஒரு சொல்லையும் தாண்டிப் போகமாட்டார். தினமும் மத்தியானம் கல்லிப் பெண்கள் கொக்கி வைக்க, இவர் எங்கள் செய்தியைச் சத்தமாகப் படிப்பார்.

"நீ சொன்னது சரின்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லக்கா. அதுவும் எழுத்துல, பேரு போட்டு" என்றார். "இனிமே நான் வீட்டுல வாயத் தொறந்த மாதிரிதான்" என்று பின்னால் நின்ற அவர் கணவர் சொல்ல, கல்லியே சிரித்தது.

அதன் பிறகு சில வாரங்கள் நான் தவறே செய்யவில்லை. எவ்வளவு பெருமைப்பட வேண்டிய விஷயம்! ஆனால் செண்பகத்திடமிருந்து சோர்ந்த குரலில் ஒரு செய்தி வந்தது: "இந்த வாரமும் ஒண்ணும் கெடைக்கலியே யக்கா."

என்னவோ போலாகிவிட்டது எனக்கு. ஒரு குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்கியவள் மாதிரி... மறுநாள் சீத்தா கேம்ப் பால்வாடி பற்றி எழுதும்போது, வாசலில் நிற்கும் புங்கமரத்தை வேப்பமரம் என்று எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன். யாருக்கு என்ன நஷ்டம்? மரத்துக்கா?

மத்தியானத்துக்குள் குரல் வந்துவிட்டது. "யக்கா, அது புங்கமரம்லா. நான் தினமும் அதுக்கடிலதான் நிக்கேன்." அடடா, அந்தக் குரலில் இருந்த துள்ளலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

அவ்வளவுதான், எனக்குப் பிடித்துப்போயிற்று. கபடிப் பெண்களின் பச்சைச் சட்டையை நீலமாக்கினேன். புதிய கழிப்பறையின் கதவு பார்க்கும் திசையை மாற்றினேன். ஒவ்வொன்றையும் செண்பகம் பிடித்தார். அவரைப் பார்த்து நீங்களும் இறங்கினீர்கள். தாராவி டீக்கடைகளில் 'இன்னிக்கு என்ன தப்பு' என்று பந்தயமே நடந்தது. மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி, "தப்பை ஒத்துக்கறேளே, அதுக்காகவே மாசாமாசம் அனுப்பறேன்" என்று நன்கொடை அனுப்பினார். ஒரு கல்லூரியில் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசக் கூப்பிட்டு, எனக்குச் சால்வையும் போட்டார்கள். போர்த்திக்கொண்டேன்... கூசவில்லையா என்று கேட்கிறீர்களா? அன்று இல்லை. அன்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

செண்பகத்தின் மகிழ்ச்சிக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். அப்படியானால் அந்தச் சால்வையை அவருக்கல்லவா போர்த்தியிருக்க வேண்டும்?

இரண்டு பொங்கலுக்கு முன்னால் தேவ்நாரில் ஒரு கோலப்போட்டி அறிவித்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில். நான் தண்ணீர் டேங்க் மைதானம் என்று எழுதினேன். செண்பகம் வீட்டுப் பக்கத்துச் செய்தி. ஒரு மணி நேரம் தாங்காது, பிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

செண்பகம் பிடிக்கவில்லை. மகளுக்குப் பிரசவ வலி எடுத்து, செம்பூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார். ஃபோனை எடுத்துப் பார்க்கவே இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? நானே திருத்தியிருக்கலாமே? நாளைக்குப் பார்ப்பார், நாளைக்குப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பிறகு தாராவியில் பொங்கல் வேலை தலைக்கு மேல் வந்தது. தெரு நெடுகப் பானைகள் பொங்க, புகையில் கண் எரிய, குலவைச் சத்தத்துக்கு நடுவே குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தேவ்நார் நினைவிலிருந்தே நழுவிப்போனது.

பொங்கலன்று பெண்கள் கலர்ப் பொடிகளைச் சுமந்துகொண்டு, ரிக்‌ஷா பிடித்து டேங்க் மைதானத்துக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவரும் இல்லை, மைக்கும் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி முடிந்துவிட்டது.

திரும்பிப் போனார்களா? அதுதான் இல்லை! கொண்டுவந்த பொடியை வீணாக்குவானேன் என்று பிட்சிலேயே கோலம் போட உட்கார்ந்துவிட்டார்கள். பையன்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள். அன்று சங்கராந்தி அல்லவா... எதிரே சால் வீடுகளிலிருந்த மராட்டிப் பெண்கள் எள்ளுருண்டையோடு இறங்கிவந்து, தங்கள் ரங்கோலியையும் பக்கத்திலேயே போட்டார்கள். பந்து வீசுகிறவன் கோலத்தைச் சுற்றி ஓடிவந்து வீசினான். இருட்டும்வரை ஆட்டமும் பாட்டும்.

அடுத்த வருஷமும் அங்கேயே கூடினார்கள். இந்த வருஷம் பந்தலே போட்டார்கள். தவறான மைதானத்தில்தான் இப்போது பெரிய விழா. நான் விட்ட பொய்யை அந்தப் பெண்கள் எடுத்து உண்மையாக்கிவிட்டார்கள்!

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

அந்த முதல் பொங்கலன்று டேங்க் மைதானத்துக்குப் போனவர்களில் பேச்சியம்மாளும் ஒருவர். செண்பகத்தின் நாத்தனார். காலையில் இட்லி போட்டு விற்கிறவர். முதல் பரிசு மிக்ஸி. சட்னி அரைக்க அவருக்கு அது தேவைப்பட்டது. அதற்காகவே மார்கழி முழுக்க வாசலில் புள்ளி வைத்துப் பழகியிருந்தார். அதற்கு முந்தைய வருஷம் இரண்டாம் பரிசு வாங்கியவர். இந்த முறை நிச்சயம் தனக்குத்தான் என்றிருந்தார்.

அன்று சாயங்காலம் செண்பகம் கூப்பிட்டார். பேத்தி பிறந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அழுகைதான் கேட்டது. "அத்தன தப்பு கண்டுபிடிச்சேன், இது எங்கண்ணுல படாமப் போச்சே யக்கா. உங்க பேரும் கெட்டு, பேச்சிக்கும் பரிசு போச்சு. எல்லாம் என்னாலதான்."

சொல்லுங்கள், நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்: "விடும்மா, எல்லாருக்கும் தவறுறதுதான்." எவ்வளவு பெருந்தன்மை பார்த்தீர்களா எனக்கு! என் குற்றத்தை அவர் தலையில் வைத்து, அதற்கு மன்னிப்பும் வழங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து பேச்சியம்மாள் செண்பகத்தோடு பேசுவதில்லை. 'ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்லுதா, வீட்டு ஆளுக்குச் சொல்லல' என்பது அவர் வருத்தம். செண்பகமும் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். கல்லியில் இப்போது சத்தமாகப் படிப்பதும் இல்லையாம். கேட்டதற்கு, "எனக்குப் பார்வை பத்தாது யக்கா" என்றார். நானும் பிழை விடுவதை நிறுத்தினேன். இப்போதெல்லாம் தப்பே வருவதில்லையே என்று நீங்கள் பாராட்டினீர்கள்.

இந்த வருஷ விழாவுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தார்கள். மறுபடியும் ஒரு சால்வை. மைக் பிடித்த பையன் முன்வரிசையில் பேத்தியோடு இருந்த செண்பகத்தைக் காட்டி, "இந்த ஆன்ட்டி மட்டும் அன்னிக்குத் தப்பைக் கண்டுபிடிச்சிருந்தா நமக்கு இந்த ஃபங்ஷனே இல்ல!" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். செண்பகமும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சியம்மாள் பந்தலின் அந்தக் கோடியில், இந்தப் பக்கமே திரும்பாமல் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து மைக் என் கைக்கு வந்தது. நான் கோலங்களைப் பாராட்டிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் முருகேசன் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மாட்டுங்கா பூக்கடைப் படத்துக்கு வந்த திருத்தம்?" என்றார்.

"அது நிசமான தப்பு அண்ணாச்சி."

"அது நான் செஞ்சதுல்லா. அதையும் நீதான் வேணும்னு போட்டியோன்னு கொஞ்சம் சந்தோசப்பட்டேன்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எழுது. நாளைக்கு மாமி பணத்த நிறுத்தினாலும் நிறுத்தட்டும். ஆனா மொதல்ல செண்பகத்துக்கு அனுப்பு. அதானே விதி."

அனுப்பினேன். மேலே நீங்கள் படித்தது அவருக்கு அனுப்பிய அதே எழுத்துதான்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. இன்று பதில் வந்தது. குரலில் அல்ல, எழுத்தில்.

"திருத்தம் ஒண்ணு. பரிசு மிக்ஸி இல்ல, கிரைண்டர். மிக்ஸி பேச்சிகிட்ட இருக்கு. மாவ இன்னமும் வெளிய குடுத்துதான் அரைக்கா. திருத்தம் ரெண்டு. அன்னைக்கு போன்ல அழுதது நான் இல்ல. பக்கத்துல இருந்த பேச்சி. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

நான் எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. வலி கூடத் தெரியவில்லை. செண்பகம் மறுபடி பிழை பிடித்துவிட்டார்! ஒன்றல்ல, இரண்டு! முருகேசன் அண்ணாச்சி ஏணியில் பாதி இறங்கி நின்று, கீழே பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்து சாய் சொன்னார்.

சாய் குடித்துக்கொண்டே மறுபடி படித்தேன். மன்னித்தேன் என்றோ, மன்னிக்கமாட்டேன் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கிரைண்டரும் பேச்சியம்மாளின் அழுகையும்தான் இருந்தன. அந்த அழுகையை இரண்டு வருஷமாக ஆள் மாற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விதிப்படி இரண்டு தவறுகளையும் மேலே அப்படியே விட்டிருக்கிறேன். திருத்தம்: பரிசு கிரைண்டர், அழுதவர் பேச்சியம்மாள். சுட்டிக்காட்டியவர்: செண்பகம், சீத்தா கேம்ப்.

இதைத் தளத்தில் ஏற்றுவதற்குச் சற்று முன் இன்னொரு செய்தி வந்தது.

"இது ரெண்டும் நிசத் தப்பா யக்கா? இல்ல, எனக்காகப் போட்டியளா?"

நிஜத் தப்புதான் என்று எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.