பழைய பந்தில் பேர் வாங்கியவர்

என் மாமா மரம் அறுக்கும் சர்க்கார் மில்லில் மஸ்தூர். பெயருக்குத்தான் மஸ்தூர்; அவர் மரத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. காலையில் ஆஜர் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போய்ப் பந்து வீசுவார். அதற்குத்தான் சம்பளம். அறுபதுகளின் போர்ட் பிளேயரில் கிரிக்கெட்டில் ஜெயிப்பது சர்க்கார் டிபார்ட்மென்டுகளுக்கு அப்படியொரு மானப் பிரச்சினை. ஊரை ஒட்டிய டாலிகஞ்சில் எங்களோடு தங்கியிருந்த அவருக்கு அம்மா தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுப்பாள். எனக்குப் பாதி தராமல் அவர் தின்றதே இல்லை.

பந்து மெட்ராஸ் கப்பலில் வரவேண்டும். வரும்போது வரும். அதுவரை தோல் உரிந்து, மழையில் ஊறி, தையல் பிரிந்து மறுபடி தைத்த ஒரே பந்தில்தான் எல்லாரும் ஆடினார்கள். அந்தப் பந்து மாமா சொன்னபடி கேட்கும். பிட்ச்சில் விரித்த கயிற்றுப் பாயில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் பெரிய ஆபீஸர்களே முழிப்பார்கள். வங்காளிகளும் மலையாளிகளும் சேர்ந்து "ஷாபாஷ்" என்று கத்துவார்கள்.

ஒருநாள் கப்பல்காரர்களோடு ஆட்டம். மாமாவிடம் அவுட்டான மெட்ராஸ்காரர் ஒருவர், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"இங்க கிடந்து என்னப்பா செய்யற? மெயின்லேண்டுக்கு வா. தெரிஞ்ச கம்பெனி டீம் இருக்கு. ஒரு தடவை போட்டுக் காட்டு, எடுத்துக்குவாங்க."

அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மில் வேலையை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறினார். கப்பல் ஏறும் ஜெட்டியில் அம்மா அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் இல்லாத வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாமாவைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பிள்ளையாரை நச்சரித்தேன்.

பிள்ளையார் கேட்டுவிட்டார். இரண்டு கப்பல் கழித்து மாமா வந்து இறங்கினார்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"புதுப் பந்து, அக்கா. பளபளன்னு இருந்துச்சு. கையை விட்டா எங்கயோ போகுது. ஒண்ணுகூட ஸ்டம்ப் பக்கம் போகலை."

"பழசைக் கேட்டிருக்கலாமே தம்பி."

"கேட்டேன். சிரிச்சாங்க."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மடியில் ஏறி உட்கார்ந்து, "இனிமே மெயின்லேண்டுக்குப் போவியா மாமா?" என்று கேட்டேன்.

"போகமாட்டேன்."

சத்தியம் செய்யச் சொன்னேன். என் உள்ளங்கையில் அடித்துச் செய்தார். பஸ் நின்றதும், அந்த நல்ல செய்தியைத் தெருவில் வீடு வீடாகச் சொல்ல, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.