இரண்டு குளிர்காலம்

மலையுச்சியில் அந்த அபூர்வப் பட்டாம்பூச்சிகளை எண்ணுவது வனக்காவலரின் வேலை. முட்டை சிறகாக இரண்டு குளிர்காலம் பிடிக்கும். அதனால் அவை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் பறக்கும், அதுவும் பத்தே நாள்.

போன தடவை அவர் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேங்க. ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்."

"ஏறினா உனக்கு மூச்சு வாங்கும். அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன்."

"அடுத்த தடவைன்னா ரெண்டு வருஷமாச்சே! சரி, பூச்சிக்கு இருக்கிற பொறுமை எனக்கு இருக்காதா?" சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

பொறுமை இருந்தது. மூச்சுதான் இரண்டாவது குளிர்காலத்தில் நின்றுபோனது.

இன்று பாறைமேல் பறப்பவை, அவள் கேட்ட நாட்களில் முட்டையாக இருந்தவை. அவருக்கு எண்ண மனம் வரவில்லை. நகக்கண் அளவுகூட இல்லாத புழு இரண்டு குளிர்காலத்தையும் தாண்டிவிட்டதே என்று வயிறு எரிந்தது.